தொட்டிக்கரியும் கொய்யாக் கட்டையும்

இரண்டு வருடத்துக்கு முன்னால், தை மாதம். அக்கா மகன் டாலஸிலிருந்து லீவில் வந்திருந்தான். மாட்டுப்பொங்கல் முடிந்த ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துச் சாளையில் (தோட்டத்து வீட்டில்) உறம்பரை, சொந்தக்காரர்கள், இருபது பேர் கூடினோம். "மாமா, குழம்பு வறுவல் எல்லாம் வேண்டாம். இந்தத் தடவை நான் சுட்டுத் தர்றேன்" என்று அவன் சொன்னதை நம்பி, காங்கேயத்தில் ஒரு வெல்டிங் பட்டறையில் இருநூறு லிட்டர் ட்ரம்மை நெடுக்காகப் பிளந்து, கால் வைத்து, கம்பி வலை போட்டு அடுப்பு செய்து வைத்திருந்தேன். பல்லடத்துக் கறிக்கோழி ஆறு கிலோ முந்தின இரவே மசாலாவில் ஊறிக்கிடந்தது. கரி மட்டும்தான் கடைசி நேரத்தில் வாங்கினேன். போகிற வழியில் ஒரு விறகு மண்டியில் வண்டியை நிறுத்தி, இருந்ததில் பெரிய துண்டாகத் தெரிந்த ஒரு சாக்கைத் தூக்கிப் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

பற்ற வைத்து அரை மணி நேரம் ஆகியும் புகை நிற்கவில்லை. மஞ்சள் கலந்த வெள்ளைப் புகை, கண்ணைத் திறக்க முடியவில்லை. பசி நேரம், குழந்தைகள் தட்டோடு நிற்கிறார்கள், சரி என்று கோழியை வலையில் அடுக்கிவிட்டோம். எடுத்தபோது பார்க்க நன்றாகத்தான் இருந்தது. வாயில் வைத்தால் நாக்கு மரத்துப்போகிற கசப்பு. பெரியப்பா ஒரு வாய் கடித்துவிட்டுத் துண்டைக் கீழே வைத்தார்.

"ஏண்டா, கோழியைச் சுட்டீங்களா, டயரைச் சுட்டீங்களா?"

அம்மா யாரையும் ஒன்றும் சொல்லவில்லை. கோழியை அள்ளிக்கொண்டு போய்ச் சுடுதண்ணீரில் அலசி, வெங்காயமும் வரமிளகாயும் போட்டு வதக்கி, ஒரு வழியாகச் சோற்றுக்கு ஆக்கிவிட்டார். சாப்பாடு முடிந்ததும் சாக்கிலிருந்து ஒரு துண்டை எடுத்து இரண்டாக உடைத்துக் காட்டினார். வெளியே கருப்பு, உள்ளே காப்பிப்பொடி நிறம். "இது கரியே இல்ல கண்ணு. கருகின விறகு."

இதற்கப்புறம் கரியைப் பற்றி நான் கற்றுக்கொண்டதில் பாதியைச் சொல்லிக்கொடுத்தவர் எங்கள் வீதியில் தேய்ப்பு வண்டி வைத்திருக்கும் அண்ணன். நான் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறேன், தோட்டத்துக்குப் போவது வாரக் கடைசியில்தான். அவர் வேப்பமரத்தடியில் முப்பது வருடமாகக் கரிப்பெட்டியில் துணி தேய்க்கிறார். நடந்ததைச் சொன்னதும் சிரித்துவிட்டு, தன் சாக்கிலிருந்து இரண்டு சில்லு எடுத்து ஒன்றோடு ஒன்று தட்டினார். உடைந்த ஓட்டுச் சில்லைத் தட்டியது போல 'கிணுக்' என்று ஒரு சத்தம். நான் கொண்டுபோயிருந்த மண்டிக் கரியைத் தட்டினார். 'பொத்' என்றது.

"காதுல கேட்டுக்கங்க தம்பி, இதுதான் பரீட்சை. வெந்த கரி பாட்டுப் பாடும். வேகாதது மரம் மாதிரியே இருக்கும்."

அவர் சொன்ன மற்ற அடையாளங்கள்: உடைத்த முகம் தார் ரோட்டுக் கல் போல மினுங்க வேண்டும், பழுப்பு ரேகை ஓடக்கூடாது, முகர்ந்தால் எந்த வாடையும் வரக்கூடாது. நன்றாக வெந்த கரி கையில்கூட அதிகம் ஒட்டாது என்றார். விரல் முழுக்கக் கருப்பாகிவிட்டால் அதில் தூளும் குறைக்கரியும் அதிகம். நான் அதுவரை கையில் நிறைய ஒட்டினால்தான் நல்ல கரி என்று நினைத்திருந்தேன்.

வேகாத கரி ஏன் கசக்கிறது என்பதற்கு விடை பெரிய ரகசியம் இல்லை. விறகைக் காற்றுப் படாமல் நானூறு, ஐந்நூறு டிகிரி வரை சூடேற்றும்போது முதலில் ஈரமும், அப்புறம் தார் போன்ற எண்ணெய்ப் பொருட்களும் புகையாக வெளியேறுகின்றன. கடைசியில் மிஞ்சுவது பெரும்பாலும் கார்பன்தான். அந்த வெளியேற்றம் பாதியில் நின்றுபோன கரியை அடுப்பில் போட்டால் மிச்சத் தார் நம் கோழிக்கு நேர் கீழே வெளியேறும். மண்டிக்காரரைக் குறை சொல்லிப் புண்ணியமில்லை, அவருக்கு அது டீக்கடைக்கும் பட்டறைக்கும் விற்கிற சரக்கு. பார்க்காமல் வாங்கினது நான்.

தேய்ப்பு வண்டி அண்ணன் மரக்கரியே வாங்குவதில்லை. ஒருமுறை பட்டையோடு இருந்த ஒரு துண்டு பெட்டிக்குள் வெடித்து, பொறி தெறித்து, யாரோ ஒருவருடைய வெள்ளைச் சட்டையில் கடுகளவு ஓட்டை விழுந்திருக்கிறது. சட்டைக்குப் பணம் கட்டிய நாளிலிருந்து அவருக்குத் தொட்டிக்கரிதான். தொட்டி என்று எங்கள் பக்கம் சொல்வது தேங்காய்ச் சிரட்டையை, மற்ற ஊர்க்காரர்கள் கொட்டாங்குச்சி என்று வாசித்துக்கொள்ளலாம்.

காங்கேயத்துக்காரனுக்குத் தொட்டிக்கரியைப் பற்றி வெளியிலிருந்து ஒருவர் சொல்லித்தர வேண்டியிருந்தது கொஞ்சம் வெட்கம்தான். எங்கள் ஊரைச் சுற்றி எங்கே பார்த்தாலும் தேங்காய்க் களம். கொப்பரையை எடுத்தபின் தொட்டி மலைமலையாகக் குவிந்துகிடக்கும். அதைக் குழியில் போட்டு எரித்து, தீ பிடித்ததும் தகடும் மண்ணும் போட்டு மூடி, காற்றை அடைத்துக் கரியாக்குவார்கள். பெரும்பங்கு தண்ணீரையும் காற்றையும் சுத்திகரிக்கிற ஆக்டிவேட்டட் கார்பன் செய்யத் தொழிற்சாலைகளுக்குப் போய்விடும். கரி சுடுகிற குழிகளால் கிணற்றுத் தண்ணீர் நிறம் மாறுகிறது என்று சுற்றுவட்டாரத்தில் பல வருடமாகச் சண்டை நடக்கிறது, அதில் நியாயம் இருக்கிறது. புகை போகாத மாதிரி சுடுகிற இடம் எது என்று கேட்டு வாங்க ஆரம்பித்திருக்கிறேன், ஆனால் எல்லா நேரமும் கிடைப்பதில்லை.

குழிக்கரியில் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். கனலை அணைக்கத் தண்ணீர் அடிப்பார்கள். அந்த ஈரத்தோடேயே சாக்குக் கட்டினால் எடையும் கூடும், நமக்குப் பற்றவும் பற்றாது. முதல் தடவை வாங்கி வந்த பத்துக் கிலோவைச் சும்மா களத்தில் ஒரு நாள் வெயிலில் கொட்டி வைத்து மறுபடி நிறுத்தேன். எட்டரைக் கிலோ. ஒன்றரைக் கிலோ தண்ணீருக்குக் காசு கொடுத்திருக்கிறேன். இப்போது எந்தக் கரியானாலும் ஒரு நாள் வெயில், அப்புறம் நெல் சலிக்கிற சல்லடையில் ஒரு சலிப்பு. தூளை விட்டால் அது துண்டுகளுக்கு நடுவே அடைந்துகொண்டு காற்றை மறித்துவிடும், தொட்டிக்கரியில் இது இன்னும் மோசம். ஏற்கெனவே துண்டுகள் மெல்லிசாக, வளைவாக, ஒன்றுக்குள் ஒன்று பொருந்தி உட்காரும்.

பிடித்துவிட்டால் தொட்டிக்கரி போல ஒன்று கிடையாது. சூடு அதிகம், சாம்பல் குறைவு, பொறி கிடையாது, வாடை கிடையாது. பிடிக்க வைப்பதுதான் பாடு. ஆறு கிலோ கோழிக்கு எனக்கு நாலு கிலோ கரி போதுமானதாக இருக்கிறது.

வேலிகாத்தான், அதாவது சீமைக்கருவேலம், கரியை அதனால் ஒதுக்கிவிட வேண்டாம். ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர் பக்கமிருந்து லோடு வரும். அங்கே அதை மூட்டம் போட்டுச் சுடுகிறார்கள்: கட்டைகளைக் கூம்பாக அடுக்கி, தழையும் வைக்கோலும் போர்த்தி, மேலே மண் பூசி, உள்ளே தீ வைத்து, சின்னச் சின்னத் துளை வழியாகப் புகையை மட்டும் விட்டு நாள்கணக்கில் காவல் இருந்து எடுப்பது. துளையை எப்போது அடைப்பது என்பதில்தான் கரியின் தரம் இருக்கிறது. நல்ல மூட்டத்துக் கரி துண்டு பெரிதாக இருப்பதால் காற்று நன்றாக ஓடும், சீக்கிரம் பிடிக்கும், கை காட்டினால் தெரிகிற அளவுக்குச் சூட்டைக் கூட்டிக் குறைக்கலாம். பட்டை ஒட்டியிருக்கும் துண்டை மட்டும் பொறுக்கி எறிந்துவிடுவேன். நான் இப்போது போடுவது இரண்டும் கலந்த கரி: அடியில் வேலிகாத்தான், அது பிடித்ததும் மேலே தொட்டிக்கரி.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. மாப்பிள்ளை, அந்த அக்கா மகன்தான், முதல் தடவை வந்தபோது, இங்கே நல்ல கட்டை கிடைக்காதே என்று போனில் மெஸ்கீட் சில்லு தேடிக்கொண்டிருந்தான். டெக்சாஸில் மாட்டிறைச்சி சுட அதுதான் பேர்போன மரமாம். ஒரு கிலோ விலையைப் பார்த்தால் இங்கே ஒரு வண்டி விறகு வாங்கிவிடலாம். படத்தைக் காட்டினான்: முள், சின்னச் சின்ன இலை, மஞ்சள் நெற்று. "இது நம்ம வேலிகாத்தான் மாதிரியே இருக்குதே" என்றேன். மாதிரி இல்லை, பங்காளிதான். டெக்சாஸ் மெஸ்கீட்டும் நம் சீமைக்கருவேலமும் நெருங்கிய சொந்தமான இரண்டு மரங்கள். நம்முடையது 1877ல் ஜமைக்காவிலிருந்து வந்த விதை, கடப்பைப் பக்கம் விதைத்து அங்கிருந்து பரவியது. ஒரு பக்கம் அதை வேரோடு பிடுங்க ஜேசிபி விடுகிறோம், இன்னொரு பக்கம் அதன் தாயாதியைப் பாக்கெட்டில் போட்டு விற்கிறார்கள். இந்த வம்சத்தில் நம் மண்ணிலேயே பிறந்தது வன்னி மரம். எங்கள் பக்கம் அதை யாரும் அடுப்புக்கு நினைத்துக்கூடப் பார்க்க மாட்டார்கள். கொடுமுடிக் கோயில் வன்னி இலையைப் போட்டுத்தான் பழனிக்குத் தீர்த்தம் எடுத்துப்போகிறோம்.

கட்டிக்கரி பற்றிச் சுருக்கமாக. கரித்தூளை மாவுப்பசையில் பிசைந்து அச்சில் அழுத்திச் செய்வது, பசைக்குப் பெரும்பாலும் மரவள்ளி மாவு. சேலம், நாமக்கல் பக்கம் ஜவ்வரிசி ஆலைகள் இருக்கிற ஊரில் மரவள்ளி மாவுக்குப் பஞ்சமில்லை. சீராக, நீண்ட நேரம் எரியும், அளந்து போடலாம். மெதுவாகச் சுட வேண்டிய ஆட்டுத்தொடைக்கு நல்லது. மருந்து தடவி 'தீக்குச்சி வைத்தால் பிடிக்கும்' என்று விற்கிற வகையை மட்டும் தொடுவதில்லை, அந்த மருந்து வாடை தணிவதற்குள் நமக்குப் பொறுமை போய்விடும்.

பற்ற வைக்கிற விஷயத்தில் எங்கள் வீட்டில் ஒரு புருவம் போயிருக்கிறது. மச்சான் ஒருவர் அவசரத்தில் பைக்கிலிருந்து பெட்ரோலைக் கொஞ்சம் உறிஞ்சி ஊற்றி, குனிந்து தீக்குச்சி கிழித்தார். 'புஃப்' என்று ஒரே சத்தம். ஆள் தப்பித்தார், ஒரு மாதம் கல்யாண வீட்டுப் போட்டோ எதிலும் நிற்கவில்லை. மண்ணெண்ணெயும் வேண்டாம். கரிக்குள் இறங்கி, கடைசிவரை வாடை அடிக்கும்.

எனக்குக் கைவந்த வழி பதினைந்து கிலோ எண்ணெய் டின். மூடிப் பக்கத்தை முழுதாக வெட்டிவிட்டு, அடியிலும் அடியை ஒட்டிய நாலு பக்கத்திலும் ஆணியால் நெருக்கமாக ஓட்டை போட்டு, பிடிக்கக் கெட்டிக் கம்பியில் ஒரு கைப்பிடி. முதல் தடவை வெறும் டின்னுக்குள் விறகு எரித்து வெளிப் பெயின்ட் முழுவதும் பொசுங்கிப் போக விட வேண்டும். மூன்று கல் மேல் டின்னை வைத்து, அடியில் இரண்டு கை தென்னம் பன்னாடையைத் திணித்து, டின் நிறையக் கரி போட்டுப் பன்னாடையில் தீ வைத்தால் போதும், விசிறவே வேண்டாம். கீழிருந்து காற்று இழுத்துக்கொண்டு மேலேறும். முதல் பத்து நிமிடம் புகையும், அப்புறம் அடங்கும், இருபது இருபத்தைந்தாவது நிமிடம் மேல் கரியின் ஓரம் வெளுக்கும். அப்போதுதான் ட்ரம்மில் கொட்டுவது. பன்னாடை இல்லாத ஊர்க்காரர்கள் காய்ந்த பாளையோ பழைய பேப்பரோ வைத்துக்கொள்ளலாம்.

ட்ரம் என்றதும் ஒன்று. திருப்பூர், ஈரோடு பழைய இரும்புக் கடைகளில் கிடைக்கும் ட்ரம்மில் முக்காவாசி சாயப்பட்டறைக் கெமிக்கல் வந்தது. என்ன எரித்தாலும் அதை நம்பாதீர்கள். சமையல் எண்ணெய் வந்த ட்ரம் என்று தெரிந்தால் மட்டும் வாங்குங்கள். எனக்கு அது காங்கேயத்து எண்ணெய் ஆலை ஒன்றிலிருந்து கிடைத்தது.

இதெல்லாம் சூட்டுக் கதை. வாசனைக் கதை வேறு, இரண்டையும் குழப்பிக்கொண்டதுதான் என் ஆரம்பகாலத் தப்பு. வெளுத்த கரியில் வாசனை என்று ஒன்றும் கிடையாது, அது வாசனை எல்லாம் போன பிறகு மிஞ்சியது. சுட்ட கறியில் வருகிற மணத்தில் ஒரு பங்கு கொழுப்பு கனலில் சொட்டி எழும் ஆவி. இன்னொரு பங்கு, வேண்டுமென்றால், நாம் தனியாகப் போடுகிற கட்டையின் புகை. மரத்தில் லிக்னின் என்று ஒரு பொருள் இருக்கிறது, மரத்தை மரமாக விறைப்பாக நிற்க வைப்பது அதுதான். சூட்டில் அது உடைந்து வருகிற குவையகால், சிரிங்கால் போன்றவைதான் நாம் புகைமணம் என்று சொல்வது.

போன பங்குனியில் ஒரு ஞாயிறு முழுவதையும் இதற்காகவே செலவழித்தேன். உப்பும் மிளகாய்த்தூளும் மட்டும் தடவிய கோழித்தொடை, கரி ஒரே தொட்டிக்கரி, ஒவ்வொரு தடவையும் ஒரே ஒரு மரத்தில் கைமுட்டி அளவு கட்டை. வேலிகாத்தான், புளி, மா, கொய்யா, வேம்பு. நடுவர்கள் அம்மா, வீட்டுக்காரி, பையன்கள் இருவர், வரமாட்டேன் என்று சொல்லிவிட்டு முதலில் வந்து உட்கார்ந்த பெரியப்பா.

வேலிகாத்தான் புகை அடாவடி. பத்து நிமிடம் வரை பிரமாதம், அதற்கு மேல் கோழி தாங்கவில்லை. ஆட்டுக்கறிக்கு, அதுவும் சீக்கிரம் சுட்டெடுக்கிற துண்டுக்கறிக்குப் பொருந்தும். புளியங்கட்டை கல் மாதிரி கனம், மெதுவாகப் புகையும். புளி மரத்துப் புகை புளிக்கும் என்று பையன் நம்பிக்கொண்டிருந்தான், புளிக்காது. மா சாதுவான மரம், யாருக்கும் குறையில்லை, யாரும் இரண்டாவது துண்டும் கேட்கவில்லை. மாம்பால் சிலருக்கு அரிப்புக் கொடுக்கும், பச்சையாகக் கையாளும்போது கவனம். வேம்பில் எதிர்பார்த்த கசப்பு இல்லை, ஆனால் ஏதோ நாட்டு மருந்துக் கடைக்குள் உட்கார்ந்து சாப்பிட்ட மாதிரி. அம்மா தொடவே இல்லை. கொய்யா வந்ததும் பேச்சு நின்றது. லேசான இனிப்பு வாடை, தோல் நல்ல செம்பழுப்பு நிறம். பெரியப்பா ஒன்றும் சொல்லாமல் அடுத்த தொடையை எடுத்தார். அவரிடம் அதுதான் பாராட்டு.

ஆனால் அன்று கற்றது மரத்தின் பேர் இல்லை. மதியம் கொய்யாக் கட்டை தீர்ந்துவிட்டது. கிணற்றோரம் நிற்கிற அதே மரத்தில், முந்தின நாள் முறித்த கிளை ஒன்று கிடந்தது, அதை வெட்டிப் போட்டேன். கட்டையின் இரண்டு முனையிலும் நுரை தள்ளியது, உஸ்ஸென்று சத்தம், ட்ரம்மின் மூடியிடுக்கில் பஞ்சு போலக் கெட்டியான வெள்ளைப் புகை. கோழி? பழைய டயர். காலையில் எல்லாரும் சப்புக்கொட்டிய அதே மரம்தான். காய்ந்த கட்டையின் புகையைப் பார்த்தால் இருக்கிறதா இல்லையா என்று சந்தேகம் வரும், வெயிலுக்கு எதிரே நின்று பார்த்தால்தான் லேசான நீலம் தெரியும். அந்த நீலம் வந்த பிறகு கறியை வைப்பது, வெள்ளை வந்தால் மூடியைத் திறந்து காற்று விடுவது, இரண்டும் இப்போது எங்கள் வீட்டில் சட்டம்.

காய்ந்ததா என்று பார்க்கத் தராசு போதும். ஐப்பசியில் வெட்டிய ஒரு கொய்யாத் துண்டு தொள்ளாயிரம் கிராம் இருந்தது. சுண்ணாம்புக் கட்டியால் அதன் மேலேயே எடையை எழுதி, சாளைப் பரணில் காற்றோட்டமாக வைத்து, வரும்போதெல்லாம் நிறுத்தேன். மாசியில் அறுநூறுக்குக் கொஞ்சம் கீழே வந்து நின்றுவிட்டது. அடுத்த இரண்டு வாரமும் இறங்கவில்லை என்றால் காய்ந்தது என்று கணக்கு. இப்படிக் காயவைத்த கட்டையை மறுபடி தண்ணீரில் ஊறவைக்கச் சொல்லி நிறைய வீடியோ வருகிறது. மாப்பிள்ளையும் ஒரு வாளியில் போட்டு வைத்தான். தண்ணீர் தோலைத் தாண்டி உள்ளே இறங்கவில்லை, அடுப்பில் போட்டதும் முதலில் ஆவி, சூடு இறக்கம், அது தீர்ந்த பிறகுதான் புகை. சில்லாகச் சீவாமல் முட்டி அளவுக் கட்டையாகப் போட்டால் தானாகவே மெதுவாகத்தான் புகையும். அதுவும் கோழி வைத்த முதல் அரை மணிக்குத்தான். கறி ஈரமாக, சூடேறாமல் இருக்கும்போது புகை நன்றாக ஒட்டும், அதற்கப்புறம் போடுவதில் அவ்வளவு பலன் இல்லை.

போடக் கூடாத கட்டைகளும் உண்டு. அரளி வேண்டவே வேண்டாம். விறகாக வேண்டாம், கறி கோக்கிற குச்சியாகவும் வேண்டாம், உடம்பு முழுக்க விஷம். கள்ளி, எருக்கு போலப் பால் வடிகிறவை எதுவும் கூடாது. தைலமரம் வேண்டாம், மருந்து வாடை. பெயின்ட் அடித்த பழைய கதவு, பிளைவுட், மெஷின் வந்த பேக்கிங் பெட்டி எதுவும் கூடாது. பனியன் கம்பெனியில் பேக்கிங் பலகை சும்மா கிடக்கிறதே என்று எனக்கும் ஆசை வந்தது, பூச்சி வராமல் இருக்க மருந்து போட்டிருப்பார்கள் என்று ஸ்டோர்காரர் தடுத்தார்.

கொறங்காட்டில், எங்கள் மேய்ச்சல் நிலத்தில், வெள்வேல மரம் நிறைய நிற்கிறது. அதன் நெற்றைத்தான் செம்மறி தின்னும், அதனால் வெட்டுவதில்லை. காற்றில் முறிந்து விழுந்த கிளையை மட்டும் எடுத்துக் காயவைத்திருக்கிறேன். பட்டையைச் சீவிவிட்டுப் போட வேண்டும், துவர்ப்பு அதில்தான். பட்டைச் சாராயத்துக்குப் பேர் வந்ததே இந்தப் பட்டையால்தான் என்று சொல்லிப் பெரியப்பா ஒரு பெருமூச்சு விடுவார், மேற்கொண்டு கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

குச்சிக்கு வழி சொன்னது வீட்டுக்காரி. கடையில் வாங்கிய மூங்கில் குச்சி எவ்வளவு ஊறவைத்தாலும் நுனி கருகி, கறி கனலில் விழுந்துகொண்டே இருந்தது. "ஏனுங்க, அழிஞ்சிக் குச்சி வெட்டிக்கிட்டு வாங்க" என்றாள். அவள் சேலத்துக்காரி. அவர்கள் பக்கம் ஆடி முதல் நாள் தேங்காய் சுடுகிற நோம்பி. தேங்காய்க் கண்ணைத் திறந்து, வெல்லமும் பச்சரிசியும் பாசிப்பருப்பும் எள்ளும் போட்டு, அழிஞ்சிக் குச்சியில் குத்தித் தீயில் திருப்பித் திருப்பிச் சுடுவார்கள். அரை மணி நேரம் தீயில் நிற்கிற குச்சி. அதைத் தோல் சீவிக் கறி கோத்தோம், ஒன்றும் விழவில்லை.

கோழியைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் யாராவது என்னைப் போலவே ஏமாறுவார்கள். நாட்டுக்கோழியை நேராகக் கனல் மேல் வைத்தால் செருப்புத் தோல்தான். அதை முக்கால் வேக்காடு வேகவைத்து, கடைசியில் புகைக்கும் நிறத்துக்கும் மட்டும் அடுப்புக்கு வர வேண்டும். கறிக்கோழிக்குக் கனலை ட்ரம்மின் ஒரு பாதியில் மட்டும் ஒதுக்கி, கோழியை மறு பாதியில் வைத்து மூடிவிட்டால் முக்கால் மணி நேரத்தில் வேகும். தோல் முறுக மட்டும் கடைசி ஐந்து நிமிடம் கனல் பக்கம். எலும்போரம் 74 டிகிரி வந்ததா என்று பார்க்க மாப்பிள்ளை ஒரு கம்பித் தெர்மாமீட்டர் கொடுத்துவிட்டுப் போனான். அவன் கொண்டுவந்ததில் உருப்படியானது அதுதான். அம்மாவுக்கு அதுவும் தேவையில்லை. பறித்த கோழிக்கு மஞ்சள் தேய்த்து, தென்னோலைத் தீயில் இப்படி ஒரு புரட்டு அப்படி ஒரு புரட்டு வாட்டி எடுப்பாரே, அந்தச் சில நொடி வாசனை குழம்பு கொதித்த பிறகும் நிற்கும். நான் ஒரு வருடம் தேடிய நீலப் புகையை அவர் பார்த்தே இல்லை.

கடைசியாக ஒன்று, இதை எழுதத் தயக்கமாகத்தான் இருந்தது. போன ஐப்பசியில் சுட்டு முடித்த நேரம் மழை பிடித்துக்கொண்டது. கனல் வெளுத்துப் புகையே இல்லாமல் இருந்ததால், குளிருக்கு இதமாக இருக்கட்டும் என்று ஒரு சட்டி நிறையக் கனலை அள்ளிச் சாளைக்குள் வைத்துக் கதவைச் சாத்திவிட்டோம். இருபது நிமிடம் இருக்கும். சின்னவன் தலைவலி என்றான், அப்புறம் பெரியவனும். கொட்டாவி விட்டுக்கொண்டே எழுந்து வந்த அம்மாதான் "ஏதோ மூச்சு முட்டுதே" என்று கதவைத் திறந்தார். ஊட்டியிலும் கொடைக்கானலிலும் அறைக்குள் கரி அடுப்பை வைத்துத் தூங்கி உயிர் போனவர்கள் செய்தியைப் பேப்பரில் படித்தவன்தான் நான். கனலிலிருந்து வருகிற கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயுவுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. புகைகிற கரியென்றால் நாமே வெளியே ஓடிவிடுவோம், இது உட்கார வைத்துவிடும். இப்போது முடிந்ததும் கனலைத் தண்ணீர்க் குடத்தோடு வெளியிலேயே வைத்து அணைக்கிறோம். மாசி, பங்குனியில் கொறங்காட்டுக் கொழுக்கட்டைப் புல் காய்ந்து கிடக்கும்போது ஒரு துண்டு உருண்டு போனால்கூடப் போதும். ஆறிய சாம்பல் மறுநாள் தென்னைக்கு.

மாப்பிள்ளை வருகிற தையில் மறுபடி வருகிறான். கிணற்றோரக் கொய்யாவில் வைகாசியில் கழித்த கிளைகள் பரணில் இருக்கின்றன, நேற்று நிறுத்ததில் எழுநூற்று நாற்பது, இன்னும் இறங்கிக்கொண்டிருக்கிறது. கீழே நின்று பெரியப்பா கேட்டார்: "என்னடா, டயர் காஞ்சிருச்சா?"